8 வயதில் பல்லுக்குக் கம்பி வேண்டுமா: ஒரு முதல் ஆலோசனையின் மதிப்பீடு

பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும் 8 வயது மகளுக்கு இப்போதே கம்பி போட வேண்டுமா, இன்னும் காத்திருக்கலாமா என்ற கேள்வியோடு, பல் சீரமைப்பை மட்டுமே செய்யும் ஒரு மருத்துவமனைக்குச் சென்று நாங்கள் பெற்ற முதல் ஆலோசனையைப் பற்றிய மதிப்பீடு இது. கம்பியைக் கழற்றிய பிறகு பற்கள் எவ்வளவு அழகாக வரிசைக்கு வந்தன என்று சொல்லும் மதிப்புரைகள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால், போடலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அந்த முதல் சந்திப்பைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை. பெற்றோரின் பணமும் குழந்தையின் பொறுமையும் அடுத்த சில ஆண்டுகளுக்கு எதில் செலவாகப் போகின்றன என்பது அங்கேதான் முடிவாகிறது என்பதால், அதைத் தனியொரு சேவையாகவே எடைபோட விரும்புகிறேன். மருத்துவமனையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் போனாலும் எவற்றைக் கவனித்து மதிப்பிடலாம் என்பதே வாசிப்பவர்களுக்குப் பயன்படும்.

மகளின் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி இருக்கிறது. அவற்றை ஒட்டி முளைத்த பக்கவாட்டு வெட்டுப்பற்கள் விசிறியைப் போல வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கின்றன. கீழ்வரிசையில் ஒரு முன்பல் சற்றே திரும்பி நிற்கிறது. இதற்கு முன் வேறோர் இடத்தில் காட்டியபோது, அங்கே வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே எல்லா எக்ஸ்ரேக்களையும் எடுத்து, மேல்தாடையை விரிக்கும் கருவி, அதைத் தொடர்ந்து முன்பற்களுக்கு மட்டும் கம்பி, பிறகு 12 வயதில் முழுக் கம்பி என்று இரண்டு கட்டச் சிகிச்சையை ஒரே மூச்சில் பரிந்துரைத்து, அந்த வாரத்துக்குள் முடிவு சொன்னால் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு என்றும் சொன்னார்கள். சிகிச்சை தவறென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வளரும் தாடையைப் பற்றிய ஒரு முடிவுக்கு வாரக் கெடு எதற்கு என்பது உறுத்தியது. அந்த உறுத்தல்தான் இரண்டாவது கருத்தைக் கேட்க வைத்தது.

இந்த மருத்துவமனையில் முதலில் என்னைக் கவர்ந்தது, நாற்காலியில் குழந்தையைச் சாய்ப்பதற்கு முன் மருத்துவர் கேட்ட கேள்விகள். முதல் பால் பல் எப்போது விழுந்தது, விரல் சூப்பும் பழக்கம் இருந்ததா, இருந்தால் எப்போது விட்டாள், தூக்கத்தில் குறட்டை விடுகிறாளா, வாயைத் திறந்தபடி மூச்சு விடுகிறாளா, கீழே விழுந்து பல்லில் அடிபட்டதுண்டா, சொத்தையால் ஏதாவது பால் பல்லை முன்கூட்டியே பிடுங்க நேர்ந்ததா, எங்கள் இருவரில் யாருக்காவது கீழ்தாடை முன்னே நீண்டிருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது ஏதேனும் பல் முளைக்காமலே போனதா என்று வரிசையாகக் கேட்டார். இவை சம்பிரதாயக் கேள்விகள் அல்ல. கீழ்தாடை நீண்டு வளர்வதும் சில பற்கள் பிறவியிலேயே இல்லாமல் போவதும் குடும்பவழி வரக்கூடியவை. மூக்கடைப்போ தொண்டைச் சதை வளர்ச்சியோ இருந்தால் பல் மருத்துவருக்கு முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும். கடைசியாக, பற்கள் இப்படியிருப்பதைப் பற்றிப் பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா என்று மகளிடமே நேராகக் கேட்டார். அவள் இல்லையென்று தலையசைத்தாள். கேலியால் ஒரு குழந்தை சிரிக்கவே கூசும் நிலை வந்துவிட்டால், பல்லின் அளவுகள் காத்திருக்கச் சொன்னாலும் சிறிய அளவில் ஏதாவது செய்வதை யோசிக்கலாம் என்று அவர் சொன்னது நியாயமாகவே பட்டது.

பரிசோதனையும் நிதானமாகவே நடந்தது. 8 வயதில் வாயில் வழக்கமாக 24 பற்கள் இருக்கும்: நான்கு நிலைக் கடைவாய்ப்பற்கள், எட்டு வெட்டுப்பற்கள் என நிலைப்பற்கள் 12, எட்டுப் பால் கடைவாய்ப்பற்கள், நான்கு பால் கோரைப்பற்கள் என மிச்சம் 12. மருத்துவர் ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினார். மெதுவாக வாயை மூடச் சொல்லி, பற்கள் முதலில் எங்கே தொடுகின்றன, தொட்ட பிறகு கீழ்தாடை பக்கவாட்டில் நழுவுகிறதா என்று பார்த்தார். மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைவிட எவ்வளவு முன்னே நிற்கின்றன என்பதைச் சிறிய அளவுகோலால் அளந்து 4 மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டார். 2 முதல் 3 வரை இயல்பு. 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் சிகிச்சைத் தேவை அதிகமுள்ள பிரிவில் சேர்க்கிறது, 1989-இல் வெளியாகி இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை இன்றும் பயன்படுத்தும் அளவீட்டு முறை. முன்பு சென்ற இடத்தில் 'பல் தூக்கலாக இருக்கிறது' என்றார்களே தவிர, எவ்வளவு தூக்கல் என்று யாரும் எண்ணில் சொல்லவில்லை. எண்ணில் சொல்லாத தூக்கலை ஆறு மாதம் கழித்து எதோடு ஒப்பிடுவது?

எக்ஸ்ரேக்கு வருவோம். பரிசோதனை முடிந்த பிறகே, எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு, இரு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே ஒன்று போதும் என்றார். ஈறுக்குள் இருக்கும் நிலைப்பற்கள் எல்லாம் இருக்கின்றனவா, கூடுதலாக ஏதாவது பல் ஒளிந்து வழியை மறிக்கிறதா, மேல் கோரைப்பற்கள் எந்தத் திசை நோக்கி வருகின்றன என்ற மூன்றுக்கும் அதில் விடை கிடைக்கும். தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே சிகிச்சையைத் திட்டமிடும்போது தேவைப்படும். சிகிச்சையே வேண்டாம் என்ற நிலையில் அதை எடுக்கக் காரணமில்லை. முப்பரிமாண ஸ்கேன், புதைந்து கிடக்கும் பல் போன்ற குறிப்பிட்ட சிக்கலுக்கானது. எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாக எடுப்பதற்கானதல்ல. முன்பு எடுத்த படங்கள் எங்களிடமே இருந்ததால் புதிதாக ஒன்றுகூட எடுக்கவில்லை. பழைய படத்தையே திரையில் போட்டுக் காட்டினார். இதைத் தாராளம் என்று சொல்ல மாட்டேன், இதுதான் முறை. ஆனாலும் முறையாக நடப்பதற்கே பாராட்ட வேண்டிய காலமாகத்தான் இருக்கிறது.

இந்த ஆலோசனையின் உண்மையான மதிப்பு அதன் பிறகு வந்த விளக்கத்தில் இருந்தது. முன்பற்களின் நடுவே உள்ள இடைவெளியும் பக்கத்துப் பற்களின் சாய்வும் நோய் அல்ல, வளர்ச்சியின் ஒரு கட்டம் என்றார். 1937-இல் பிராட்பென்ட் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் விவரித்து, 'அழகற்ற வாத்துக்குஞ்சுப் பருவம்' என்று மருத்துவ நூல்களில் பெயர் பெற்ற நிலை இது. மேல் கோரைப்பற்கள் ஈறுக்குள்ளே மேலே இருந்து இறங்கி வரும்போது, பக்கவாட்டு வெட்டுப்பற்களின் வேர்களை அழுத்துகின்றன. வேர் உள்ளே தள்ளப்படுவதால் பல்லின் தலைப்பகுதி வெளியே சாய்கிறது. நடுவில் இடைவெளி விழுகிறது. கோரைப்பற்கள் 11, 12 வயதில் கீழிறங்கித் தம் இடத்துக்கு வரும்போது அதே அழுத்தம் இப்போது பற்களின் தலைப்பகுதியை நடுநோக்கித் தள்ளுவதால், 2 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளிகள் பெரும்பாலும் தாமாகவே மூடிவிடுகின்றன. இந்த நிலையில் பொறுக்காமல் கம்பி கட்டி, சாய்ந்த பல்லை நிமிர்த்தினால், அதன் வேர் இறங்கி வரும் கோரைப்பல்லின் பாதைக்குள் போய் அரிக்கப்படும் ஆபத்தும் உண்டு. எக்ஸ்ரேயில் கோரைப்பல்லின் முனையும் பக்கத்து வேரும் எவ்வளவு நெருங்கி இருக்கின்றன என்று அவர் விரல் வைத்துக் காட்டியபோது, 'அழகுக்காக ஒரு சின்ன கம்பி' என்ற யோசனை என் மனத்திலிருந்து தானாகவே விலகியது. இடைவெளிக்குக் காரணம் மேலுதட்டை ஈறோடு இணைக்கும் சதை மடிப்புதான் என்று சொல்லி அதை வெட்டச் சிலர் பரிந்துரைப்பதுண்டு என்றும், கோரைப்பற்கள் முளைத்து முடியும்வரை அதிலும் பொதுவாகக் கைவைப்பதில்லை என்றும் கூடவே சொன்னார்.

கீழ்வரிசையில் திரும்பி நிற்கும் பல்லுக்கும் அவருடைய விடை ஏறக்குறைய இதே வகையில் அமைந்தது. பால் கடைவாய்ப்பற்கள், அவை விழுந்த இடத்தில் முளைக்கும் முன்கடைவாய்ப் பற்களைவிட அகலமானவை. ஆகவே அவை விழும்போது ஒவ்வொரு பக்கமும் ஓரிரு மில்லிமீட்டர் மிச்சப்படுகிறது. அந்த மிச்சத்தை நிலைக் கடைவாய்ப்பல் முன்னே நகர்ந்து எடுத்துக்கொள்வதே வழக்கம். தேவைப்பட்டால் கீழ்ப் பற்களின் உட்புறம் மெல்லிய கம்பி ஒன்றைப் பொருத்தி, அந்த நகர்வைத் தடுத்து, மிச்ச இடத்தை முன்பற்களுக்கு ஒதுக்கலாம். அதற்கான நேரம் கடைசிப் பால் கடைவாய்ப்பல் விழப்போகும் தறுவாயில்தான் வருகிறது, 8 வயதில் அல்ல.

மேல்தாடையை விரிக்கும் கருவி பற்றி நானே கேட்டேன். அண்ணத்தின் நடுவே இருக்கும் எலும்புப் பொருத்து சிறுவயதில் இறுகாமல் இருப்பதால், கருவியின் திருகை ஒருமுறை திருப்பும்போது கால் மில்லிமீட்டர் என்ற கணக்கில் மெல்ல விரிப்பது அப்போது எளிது என்பது உண்மை. ஆனால் மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப் பற்களின் உட்புறமாகக் கடிக்கும் குறுக்குக் கடி இருந்தால்தான் அங்கே குறுகல் இருப்பதாகப் பொருள். மகளுக்கு மேற்பற்கள் இருபுறமும் முறையாக வெளியே அமைந்திருக்கின்றன. விரித்தால் அவை கீழ்ப் பற்களைத் தாண்டிப் போய்விடும். முதல் இடத்தில் இந்தக் கருவிக்குச் சொன்ன காரணம், 'இப்போது விட்டால் தாடை இறுகிவிடும்' என்பதுதான். எந்தச் சிக்கலுக்காக விரிக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல், இறுகிவிடும் என்பதை மட்டும் சொல்லி அச்சமூட்டியது ஒரு விற்பனை உத்தி என்று இப்போது தோன்றுகிறது.

எதற்கும் காத்திருக்கச் சொல்லும் மருத்துவர் என்றும் இவரைச் சொல்ல முடியாது. எந்தெந்த நிலையில் அன்றே சிகிச்சை தொடங்கச் சொல்லியிருப்பார் என்று கேட்டபோது தயங்காமல் பதில் வந்தது. வாயை மூடும்போது கீழ்தாடை ஒருபக்கம் நழுவிச் செல்லும் குறுக்குக் கடி முதலில் வந்தது; அதை விட்டுவைத்தால் தாடை வளர்ச்சியே ஒருபுறம் சாயலாம். மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்குப் பின்னே மாட்டிக்கொண்டு, கீழ்ப்பல்லின் ஈறு இறங்குவதும், பல்லின் மேற்பூச்சு தேய்வதும் அடுத்தது. ஒரு எளிய தட்டால் சில மாதங்களில் சரிசெய்யக்கூடியது இது. மேல்தாடை பின்தங்கிக் கீழ்தாடை முன்னே நிற்கும் குழந்தைகளுக்கு, முகத்தில் மாட்டி மேல்தாடையை முன்னே இழுக்கும் கருவி ஏறத்தாழ 10 வயதுக்கு முன் தொடங்கினால்தான் நன்றாகப் பலிக்கும் என்பதால், அவர்கள் விஷயத்தில் காத்திருப்பதே தவறு. சொத்தையால் பால் கடைவாய்ப்பல்லை முன்கூட்டியே இழந்தவர்களுக்கு, பின்னால் இருக்கும் பல் முன்னே சரிந்து வராமலிருக்க இடம் காக்கும் கருவி வேண்டும். நிலைப்பற்கள் முளைத்த பிறகும் விரல் சூப்பும் குழந்தைகளுக்குக் கம்பியைவிட முதலில் பழக்கத்தை விடுவிக்கும் உதவியே தேவை. பழக்கம் நின்றால் மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே விழுந்த திறப்பு பெரும்பாலும் தானே குறைகிறது.

மேல் முன்பற்கள் மிகவும் முன்னே நீண்டிருக்கும் குழந்தைகளைப் பற்றி அவர் சொன்னதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் இரண்டு கட்டச் சிகிச்சையைப் பெரும்பாலும் இவர்களுக்குத்தான் பரிந்துரைக்கிறார்கள். சிறுவயதில் ஒருமுறை, வளரிளம் பருவத்தில் மறுபடி ஒருமுறை என்று சிகிச்சை செய்த குழந்தைகளையும், வளரிளம் பருவத்தில் ஒரே முறை செய்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் அமைப்பின் 2018-ஆம் ஆண்டு ஆய்வறிக்கையின்படி, இறுதியில் பற்கள் அமைந்த விதத்தில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முன்கூட்டியே தொடங்கியதால் உறுதியாகக் கிடைத்த ஒரே நன்மை, முன்பற்கள் அடிபட்டு உடைவது குறைந்ததுதான். அது சிறிய நன்மை அல்ல. ஓடியாடி விழும் குழந்தைக்குப் பற்கள் 9, 10 மில்லிமீட்டர் நீண்டிருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே முன்கூட்டிய சிகிச்சை ஏற்கத்தக்கதாகிறது. எங்கள் மகளின் 4 மில்லிமீட்டருக்கு அந்த வாதம் பொருந்தவில்லை. விளையாட்டின்போது பற்களைக் காக்கும் உறை அணிவது போதும் என்றார்.

சிறுவயதுச் சிகிச்சையின் விலையை அவர் பணத்தில் மட்டும் கணக்கிடவில்லை. 8 வயதில் தொடங்கி 14 வரை வாயில் ஏதேனும் ஒரு கருவியோடு வாழும் குழந்தை, உண்மையாகவே ஒத்துழைப்பு தேவைப்படும் இரண்டாம் கட்டத்துக்குள் அலுத்துப்போய்விடுகிறாள். பல் துலக்குவதில் அசட்டை வந்தால் கம்பியின் ஓரங்களில் வெண்மையான தழும்புகள் விழுகின்றன, அவற்றில் பல பிறகும் மறைவதில்லை. கழற்றி மாட்டும் தட்டுகள் பெட்டியில் தூங்கும் நேரமே அதிகம். முதல் கட்டத்தில் நகர்த்திய பற்களை அப்படியே நிறுத்திவைக்க, இரண்டாம் கட்டம் வரும்வரை ரிடெய்னர் அணிய வேண்டும் என்பதையும் முதல் இடத்தில் யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

குறைகளும் இருந்தன. முன்பதிவு செய்த நேரத்தைத் தாண்டி நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளி விட்டு வந்த குழந்தை பசியோடு சிணுங்கத் தொடங்கிவிட்டாள். மருத்துவர் பேசும் வேகத்துக்குக் குறிப்பெடுக்க எங்களால் முடியவில்லை. அவர் இத்தனை பொறுமையாகக் காத்திருக்கச் சொன்ன பிறகு, வெளியே வரவேற்பு மேசையில் இருந்தவர், இரவில் வாயில் வைத்துக்கொண்டால் பற்கள் தாமாக நேராகும் என்ற சிலிக்கான் பயிற்சிக் கருவி ஒன்றின் விளம்பரத் தாளை நீட்டினார். திரும்ப உள்ளே போய்க் கேட்டதில், அதனால் நிலையான பலன் கிடைக்கும் என்று காட்டும் வலுவான சான்றுகள் இல்லை, உங்கள் குழந்தைக்குத் தேவையும் இல்லை என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவர் நேர்மை பாராட்டுக்குரியதுதான். ஆனால் தானே நம்பாத பொருளைத் தன் மேசையிலேயே விற்க விடுவது ஏன் என்பதை நான் கேட்டிருந்தால் சங்கடப்பட்டிருப்பார்.

எழுத்துமூலமான அறிக்கை கேட்ட பிறகுதான் கிடைத்தது. கிடைத்த அறிக்கை மிக நன்றாக இருந்தது: இன்றைய அளவுகள், காத்திருப்பதற்கான காரணம், அடுத்த வருகை எப்போது, அதற்கு முன்பே வரவேண்டிய அறிகுறிகள் எவை என்பவை ஒரு பக்கத்தில் அடங்கியிருந்தன. 9 முதல் 10 வயதுக்குள் மேல் கோரைப்பற்களின் புடைப்பு ஈறின் வெளிப்புறத்தில் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும், ஏனெனில் அண்ணத்தின் பக்கமாக வழிதவறும் கோரைப்பல்லை, அதன் இடத்தில் நிற்கும் பால் கோரைப்பல்லை உரிய நேரத்தில் எடுப்பதாலேயே பல குழந்தைகளிடம் நேர்வழிக்குக் கொண்டுவர முடிகிறது. ஒரு பக்கத்துப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்தில் அதே பல் முளைக்காவிட்டாலும், நிலைப்பல் பின்னால் முளைத்த பிறகும் பால் பல் ஆடாமல் நின்றாலும், வாய் மூடும்போது தாடை புதிதாக ஒருபக்கம் நழுவினாலும் தாமதிக்காமல் வர வேண்டும். இந்தத் தாளை எல்லாப் பெற்றோருக்கும் கேட்காமலே கொடுக்க வேண்டும்.

7 வயதுக்குள் ஒருமுறை பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டிவிடுங்கள் என்று அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்டுகள் சங்கம் சொல்லிவருவதைக் காட்டி, அந்த வயதிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும் என்று பொருள்கொள்ளும் மருத்துவமனைகள் உண்டு. காட்டச் சொன்னது பார்ப்பதற்காக. பார்த்த பெரும்பாலான குழந்தைகளுக்குக் கண்காணிப்பே போதும். தாடை வளர்ச்சி பற்றிய சந்தேகமோ, எந்த இடத்தில் எது சொன்னார்கள் என்ற குழப்பமோ உள்ள பெற்றோருக்கு இந்த மாதிரியான ஆலோசனை மிகவும் ஏற்றது. ஏற்கெனவே பிளவுபட்ட அண்ணத்துக்கோ பிறவிக் குறைபாட்டுக்கோ சிகிச்சை பெற்றுவரும் குழந்தைகளுக்கு இது போதாது; அவர்கள் பல துறை மருத்துவர்களும் கூடிப் பார்க்கும் பெரிய மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். பரிசோதனைக்கும் விளக்கத்துக்கும் முழு மதிப்பெண். காத்திருப்புக்கும் கேட்டுப் பெற்ற அறிக்கைக்கும் சேர்த்து அரை மதிப்பெண்ணையும், அந்தச் சிலிக்கான் கருவிக்கு மீதி அரையையும் குறைத்திருக்கிறேன். எக்ஸ்ரே படங்களின் நகலையும் அளவுகள் எழுதிய தாளையும் கட்டணமின்றிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு வேறெங்கு போனாலும் அவற்றை எடுத்துச் செல்லலாம் என்று மருத்துவரே சொன்னார்.